ஐந்து மாதம் பிந்திய கடிதம்

மலையில் குடியிருப்பவர்களுக்குக் காது அடைப்பது ஒரு சமாசாரமே இல்லை. கம்போங் ராஜா வழியாக ஈப்போவுக்கு இறங்கினால் பாதி வழியில் அடைக்கும். திரும்பி ஏறும்போது மறுபடியும் அடைக்கும். எச்சிலை விழுங்கினால், ஒரு கொட்டாவி விட்டால், டப்பென்று திறந்துகொள்ளும். அதனால்தான் என் தங்கை கணவர் முனியாண்டி ஒரு நாள் காலை கிளினிக் வாசலில் வந்து நின்று, "மச்சான், எடது காது அடைச்சே கெடக்கு லா. தெறக்கவே மாட்டேங்குது" என்றபோது நான் சிரித்தேன்.

"லோரி ஓட்டுறவருக்குக் காது அடைக்காம வேற எது அடைக்கும் மாப்ளே? மூக்கா?"

"மூக்கும் கொஞ்சம் அடைக்குதுதான்" என்றார் அவர்.

அப்போதே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. சளிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். தெரிந்தால் தங்கை பயந்து திட்டுவாள் என்று அவர் வீட்டில் மூச்சுவிடவில்லை.

நான் அப்போது தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் டிரெஸ்ஸர் (காயத்துக்கு மருந்து கட்டுவது முதல் காய்ச்சலுக்கு ஊசி போடுவது வரை எல்லாம் பார்ப்பவர்). வாரத்துக்கு ஒரு நாள் டவுனிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் டாக்டர் நான்தான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில்) யாருக்குத் தலை வலித்தாலும் "டிரெஸ்ஸர் என்ன சொன்னாரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது, மறைப்பானேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்போது ஒற்றைக் காது அடைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது உங்கள் வீட்டில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம். உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பத்தில் ஒன்பது தடவை அது வெறும் சளியாகத்தான் இருக்கும் என்று நானே சொல்வேன். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் திறக்கவில்லையென்றால், என்னைப் போன்ற ஆளிடம் போய் நிற்காதீர்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

அதே மாதத்தில் இன்னொருவரும் என்னிடம் வந்தார். ஆ சோங். எங்கள் தோட்டத்து எல்லையை ஒட்டி, கோலா தெர்லாவுக்குப் போகும் சாலையோரம், முட்டைக்கோசு போடுகிறவர். மண்வெட்டி காலில் பட்டால் டவுனுக்குப் போகச் சோம்பல்பட்டு என்னிடம் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போவார். அன்றைக்குக் காலில் காயம் இல்லை. காதைத் தொட்டுக் காட்டி, ஒரு மாதமாக அடைத்திருக்கிறது என்று மலாயில் சொன்னார்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. சீனருக்கு ஒரு காது அடைத்தால் மூக்கின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லு, அங்கே ஒரு புற்றுநோய் வரும், அவர்களுக்குத்தான் அது அதிகம் என்பார். அப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். "இன்னைக்கே போ" என்று விரட்டினேன்.

எழுதி முடித்து உறையில் போடும்போது மாப்பிள்ளையின் காதும் ஒரு நொடி ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. சே, அது சீனவங்க சீக்கு, நம்ம ஆளுங்களுக்கு எங்கே வரப்போகுது என்று நானே அதைத் தள்ளிவிட்டேன்.

மாப்பிள்ளை இரண்டாவது முறை வந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. காலையில் காறித் துப்பினால் சளியோடு ரத்தக்கீற்று வருகிறதாம். மலைக் குளிரில் மூக்கின் உள்தோல் வெடித்திருக்கும் என்றேன். மூக்கில் அடிக்கும் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் (கிருமியைக் கொல்லும் மாத்திரை) கொடுத்தேன். "முடிச்சிட்டு வாங்க, நின்னுடும்" என்றேன். அவரும் நம்பிக்கொண்டு போனார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார், ஏறினார்.

மூன்றாவது முறை அவரை அனுப்பியது பிரிஞ்சாங்கில் முடி வெட்டுகிறவர். கத்தியை வைத்தவர் கழுத்தில் ஏதோ தட்டுப்பட்டு, "என்னண்ணே இது, நெல்லிக்கா மாதிரி?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்து சட்டைக் காலரை விலக்கினார். நான் தொட்டேன். இடது காதுக்குக் கீழே ஒன்று. கெட்டியாக இருந்தது. தள்ளினால் நகரவில்லை. வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார். வலது பக்கமும் தடவினேன். அங்கேயும் சின்னதாக ஒன்று இருந்தது.

என் விரல்களுக்கு அப்போது தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் கழுத்தைத் தடவிய விரல்கள். கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆ சோங்குக்குக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகச் சிறிய கேமரா குழாயை விட்டுப் பார்த்தார்கள். பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். நாசித்தொண்டைப் புற்றுநோய் (மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே வருவது). காதையும் மூக்கின் பின்புறத்தையும் சேர்க்கும் சின்னக் குழாயைக் கட்டி அடைத்துவிட்டது, அதனால்தான் காது திறக்கவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவிவிட்டது.

என் தங்கை தனம் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணே, இதுக்கு மருந்து இருக்குதானே?" என்றாள். ஒரு ஆஸ்பத்திரி முழுக்க டாக்டர்கள் இருக்கும்போதும் அவளுக்கு டாக்டர் நான்தான்.

அந்த வாரத்தில்தான் டாக்டர் மாலினியைச் சந்தித்தோம். அவர் வைத்தியம் பார்ப்பவர் இல்லை. ஆராய்ச்சி செய்பவர். கிருமியால் தலையிலும் கழுத்திலும் வரும் புற்றுநோய்களைப் பற்றித்தான் அவருடைய வேலை. கிள்ளான் பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். மாப்பிள்ளையிடம் ஒரு குழாய் ரத்தமும், எடுத்த சதையில் ஒரு துணுக்கும் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

"எடுத்துக்குங்க டாக்டர். எனக்கு அத வச்சுக்கிட்டு என்ன வேல?" என்றார் மாப்பிள்ளை.

கிருமி என்ற சொல் லயத்துக்கு எப்படித்தான் முந்திப் போனதோ, நாங்கள் மலை ஏறுவதற்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கவில்லை. தனமும் புருஷனுக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு என்று ஒதுக்கிவைத்திருந்தாள். மாப்பிள்ளை அந்தத் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த முறை போனபோது நான் டாக்டர் மாலினியிடமே கேட்டுவிட்டேன்.

"ஐயோ, தம்ளரையெல்லாம் ஒண்ணாப் போடுங்கம்மா" என்றார் அவர் தனத்திடம். "இது எப்ஸ்டீன் பார்னு ஒரு வைரஸ். எச்சில் வழியாப் பரவும், அது உண்மை. ஆனா சின்ன வயசுலயே கிட்டத்தட்ட நம்ம எல்லாருக்கும் வந்துடும். வந்தா போகாது, உடம்புலயே தூங்கிக்கிட்டு இருக்கும். உங்ககிட்ட இருக்கு, எங்கிட்ட இருக்கு, இதோ உங்க அண்ணன்கிட்டயும் இருக்கு. ரொம்பப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது, அத ரத்தத்துல முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா, அதுதான் என் வேல."

"அப்ப சீனவங்களுக்கு மட்டும்தான் வரும்னு சொல்றது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவங்களுக்கு அதிகம். அவங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா?"

பிறகு ஒரு கேள்வித்தாளை எடுத்தார். புகை உண்டா, வெற்றிலை உண்டா, வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா, சின்ன வயதில் உப்பிட்டு உலர்த்திய மீன் சாப்பிட்டதுண்டா. "கருவாடு இல்லாம எங்க வீட்டுல சோறு எறங்குமா டாக்டர்?" என்று மாப்பிள்ளை சிரித்தார். உடனே தனத்தின் முகம் மாறிவிட்டது. ஒருவருக்கு ஏன் வந்தது என்று அப்படி ஒன்றை மட்டும் காட்டிச் சொல்ல முடியாது என்று டாக்டர் மாலினி அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. "மொதல்ல அறிகுறி தெரிஞ்சப்ப யார்கிட்ட காட்டினீங்க? அவங்க என்ன சொன்னாங்க?"

நான் தரையைப் பார்த்தேன். காறைத் தரை, பச்சை நிறம், ஒரு மூலையில் உடைந்திருந்தது.

"யார்கிட்டயும் காட்டல டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "நானாத்தான் கவனிக்காம விட்டுட்டேன். லோரிக்காரனுக்குக் காது அடைக்கிறதெல்லாம் ஒரு விஷயமான்னு."

டாக்டர் மாலினி அப்படியே எழுதிக்கொண்டார். நோயாளியே தாமதமாக வந்தார், ஐந்து மாதம். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த அறையில் என் பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் தனம் ஆரம்பித்துவிட்டாள். "அஞ்சு மாசமா காதுல பிரச்சனைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? வீட்டுலயே டிரெஸ்ஸர வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணுவீங்களா? எங்க அண்ணன்கிட்ட மொதல்லயே ஒரு நாள் காட்டியிருந்தா இது நடந்திருக்குமா?" மாப்பிள்ளை சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

ஏழு வாரம் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு முறை கீமோ (புற்றுச் செல்களைக் கொல்ல நரம்பில் ஏற்றும் மருந்து). நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறையில் அவரோடு தங்கினேன். முகத்தின் அளவுக்கு ஒரு முகமூடி செய்து, அதை மேசையோடு பூட்டிப் படுக்கவைப்பார்கள், தலை அசையக் கூடாது என்பதற்காக. முதல் நாள் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது. அவர் கை விரலை ஆட்டி எனக்கு டாட்டா காட்டினார்.

மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண். எச்சில் வற்றிவிட்டது. கஞ்சிகூட இறங்கவில்லை, மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இதைச் சொல்வது, நீங்களும் அந்த வாரத்தில் இருந்தால், அது எல்லோருக்கும் வருவது என்று தெரிந்துகொள்வதற்காக. உப்பும் சோடாமாவும் (ஆப்பச்சோடா) கலந்த தண்ணீரில் நாளுக்குப் பத்துத் தடவை கொப்பளியுங்கள். குழாய் போடச் சொன்னால் ரோஷப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். எடை இறங்கினால் சிகிச்சையை நிறுத்தவேண்டி வரும்.

ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் கேட்டேன். "மாப்ளே, அன்னைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குரல் உடைந்து கரகரத்தது. "பையன் சிங்கப்பூருல. தனத்துக்கு இங்க நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க. நான் போயிட்டா அவ யாரு வீட்டுக்குப் போவா? உங்க மேல கோவம் வந்துச்சுன்னா உசுருள்ள வரைக்கும் பேசமாட்டா. உங்க தங்கச்சியப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்காக நீங்க திட்டு வாங்குறீங்களா?"

"இருவத்தெட்டு வருசமாத் திட்டுறா லா. இப்ப என்ன புதுசா?" சிரிக்கப் பார்த்தார். வாய்ப்புண் விடவில்லை. "இத இதோட விட்ருங்க மச்சான்."

விட்டுவிட்டேன். அவர் கேட்டதால் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

சிகிச்சை முடிந்து எட்டு மாதம் நன்றாக இருந்தார். கழுத்துக் கட்டி மறைந்தது. ரத்தத்தில் அந்தக் கிருமியின் தடயம் காணாமல்போனது என்று டாக்டர் மாலினியே சந்தோஷமாகச் சொன்னார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு சோறும் ரசமும் சாப்பிட்டார். லோரியை மறுபடி ஓட்ட முடியாது என்றதுதான் அவருக்கு வருத்தம். தனம் அந்த எட்டு மாதமும் திட்டினாள். ஊட்டிவிட்டுக்கொண்டே திட்டினாள். பயத்தில் திட்டுகிறவள் அவள்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் அந்தத் தடயம் திரும்ப வந்தது. அடுத்த மாதம் கூடியது. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் பரவியிருந்தது. வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். கடைசி வாரம் தனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொழச்சிருப்பீங்களே, பாவி மனுசா" என்று அழுதாள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தார். தங்கையின் கையை நான் அப்போது பிடித்து, தனம், அவர் சொன்னார், என்னிடம் சொன்னார் என்றிருந்தால் போதும். அவர் காதாலேயே அதைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார். நான் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்வதுபோல எழுந்து நின்றேன்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். புதிதாக வந்தவரிடம் நோயாளிப் பதிவேட்டை ஒப்படைக்கும் முன் புரட்டினேன். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தன, என் கையெழுத்தில். முனியாண்டி, இடது காது அடைப்பு, சளி மாத்திரை. ஏழு வரி தள்ளி, ஆ சோங், காது அடைப்பு, கடிதம். ஆ சோங்குக்கு நோய் ஆரம்பத்திலேயே தெரிந்து, கதிர்வீச்சோடு முடிந்துவிட்டது. இன்றைக்கும் முட்டைக்கோசு போடுகிறார். என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். நான் அவருடைய உயிரைக் காப்பாற்றினேனாம்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் மாலினி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். பொதுமண்டபத்தில் கூட்டம். காது, மூக்கு, கழுத்து, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். வரும்போதே ஆபத்தான கட்டத்தில் வருகிறவர்கள்தான் அதிகம், பல பேர் யாரிடமும் காட்டாமலேயே இருந்துவிடுகிறார்கள் என்றார்.

முன்வரிசையிலிருந்து தனம் எழுந்தாள். "எம் புருசனும் அப்படித்தாம்மா. கூறுகெட்ட மனுசன். வாயத் தொறக்கல. உங்க வீட்டு ஆம்பளைங்கள அப்படி விட்டுடாதீங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். செத்துப்போன மனிதனை நாலு பேர் முன்னால் அவள் குறைசொல்ல, நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அவரு சொன்னாரு" என்றேன். எழுந்து நின்றதுகூட எனக்கு நினைவில்லை. "எங்கிட்ட சொன்னாரு. மூணு தடவ வந்தாரு. நான்தான் மாத்திரையக் குடுத்துக் குடுத்து அனுப்பினேன். அதே மாசம் ஆ சோங்குக்குக் கடுதாசி எழுதிக் குடுத்தேன். இவருக்கு எழுதல. நம்ம ஆளுக்கு வராதுன்னு நெனச்சிட்டேன்."

டாக்டர் மாலினி மேசைக்கு வந்து ஒரு தாளை எடுத்தார். "அவர் சொன்னத நான் மாத்த முடியாதுங்க. நீங்க சொல்றதத் தனியா எழுதிச் சேர்த்து வைக்கிறேன். அவருக்குக் கடிதம் எழுத எத்தன மாசம் ஆச்சு?"

"அஞ்சு."

"அந்தச் சீனருக்கு?"

"அன்னைக்கே."

தனம் என்னைக் கேட்கவில்லை, டாக்டரைத்தான் கேட்டாள். "மொத நாளே போயிருந்தா இருந்திருப்பாரா டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆனா வாய்ப்பு நெறைய இருந்திருக்கும்."

தனம் என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"சாவுற வரைக்கும் அவர வஞ்சேனேண்ணே" என்றாள். "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மாப்பிள்ளை சொன்னது சரிதான், அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி லயம் முழுக்கப் பரவியது. சிலர் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்கள். பரவாயில்லை. ஆனால் காது அடைத்தால் இப்போது யாரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருப்பதில்லை. போன மாதம்கூட இரண்டு பேர் ஈப்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்தார்கள்.

டாக்டர் மாலினி அன்றைக்கு என்னிடமும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார், நோய் வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. அதே கிருமி எனக்குள்ளும் இருக்கிறதாம், சிறு வயதிலிருந்தே. அறுபத்திரண்டு வயதில் என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது காலையில் எழுந்து இரண்டு காதும் நன்றாகக் கேட்பது தெரிந்தால் வெட்கமாக இருக்கிறது. காலமும் முன்போல ஓடுவதில்லை. யாராவது ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னால், இன்றைக்கே போங்கள் என்று விரட்டுகிறேன்.

என் மனைவி இறந்துபோன நாளிலிருந்து எனக்குத் தங்கை வீட்டுச் சாப்பாடுதான். அதை அவள் நிறுத்தவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வாசற்படியில் டிபன் கேரியர் வைக்கும் சத்தம் கேட்கும். முன்பு கதவைத் தட்டி, "அண்ணே, சுடச்சுட சாப்பிடு" என்பாள். இப்போது தட்டுவதில்லை. அவள் செருப்புச் சத்தம் தூரத்துக்குப் போகும்வரை நான் உள்ளேயே நிற்கிறேன். பிறகு எடுத்துவந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒவ்வொரு வாயும் தடையில்லாமல் தொண்டையில் இறங்குகிறது.